ஒயிட் டவுன் பார்த்தாச்சு, அப்புறம்? வாய்க்காலுக்கு மேற்கே இருக்கும் புதுச்சேரி

வார இறுதியில் புதுச்சேரிக்குப் போனோம், ஒயிட் டவுனில் கால் வைக்க இடமில்லை, மஞ்சள் சுவருக்கு முன்னால் படம் எடுக்கவே காத்திருக்க வேண்டியிருக்கிறது, பழைய ஊரில் இதைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாதி ஊர் பாக்கி இருக்கிறது. பீச் ரோட்டிலிருந்து மேற்கே நடந்தால் பெரிய வாய்க்கால் வரும். பிரெஞ்சுக்காரர்கள் ஊரை இந்த வாய்க்காலை வைத்துத்தான் பிரித்தார்கள். கடல் பக்கம் வெள்ளையர் நகரம், அதாவது இன்றைய ஒயிட் டவுன், மேற்கே தமிழர் வாழ்ந்த பகுதி. வருகிறவர்களில் பெரும்பாலானவர்கள் வாய்க்காலோடு திரும்பிவிடுகிறார்கள். நேரு வீதிக்குத் துணி எடுக்கப் போகிறவர்கள் தாண்டுகிறார்கள், ஆனால் கடைப் பலகைகளுக்கு மேலே நிமிர்ந்து பார்ப்பதில்லை. எனக்கு அதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. புதுச்சேரியை வேறு எந்த ஊரையும் போல இல்லாத ஊராக ஆக்கியது வாய்க்காலுக்கு மேற்கே நடந்த கதைதான்.

முதலில் ஒரு விஷயம். ஒயிட் டவுன்தான் பழையது, மற்றதெல்லாம் பிறகு வளர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். 1761 ஜனவரியில் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்து, வெள்ளையர் பகுதியைத் தரைமட்டமாக்கினார்கள். 1763 உடன்படிக்கைப்படி ஊர் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பி வந்து, 1765-க்குப் பிறகுதான் மறுபடி கட்டினார்கள். இன்று நீங்கள் படம் எடுக்கும் கட்டடங்கள் எல்லாம் அதற்குப் பிந்தியவை. அந்த இடிப்புக்கு முன்னால் கட்டிய வீடு ஒன்றைப் பார்க்க வேண்டுமென்றால் வாய்க்காலைத் தாண்டி, பெரிய மார்க்கெட்டை ஒட்டியிருக்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகைக்குத்தான் போக வேண்டும்.

ஆனந்தரங்கப் பிள்ளை 1709-இல் சென்னைப் பெரம்பூரில் பிறந்தவர். பெரிய வணிகர், பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்சுக்குத் தலைமைத் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் இடைத்தரகரும். 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். எந்தக் கப்பல் வந்தது, யார் யாருக்கு என்ன கொடுத்தார்கள், ஆளுநர் வீட்டில் என்ன பேச்சு, ஊரில் என்ன வதந்தி, எல்லாம் அதில் இருக்கிறது. ஊர் வீழ்ந்த அதே மாதத்தில் காலமானார். 1730-களில் எழுந்த அவருடைய வீட்டில் கீழ்த்தளம் தமிழ் முறைப்படி, வேலைப்பாடு செய்த மரத்தூண்களும் முற்றமுமாக இருக்கும். மாடியில் வெள்ளைவெளேர் என்று காரைத் தூண்கள், பிரெஞ்சு பாணியில். துபாஷியாக இருந்தவர் இரண்டு பக்கத்தாரோடும் பழகியவர்; வீடும் அப்படியே. இது தனியார் சொத்து, எப்போதும் திறந்திருக்காது. அனுமதி கிடைத்தால் பாக்கியம். கிடைக்காவிட்டால் வெளியிலிருந்து பார்த்துவிட்டு நகருங்கள், கதவைத் தட்டித் தொந்தரவு செய்ய வேண்டாம்.

அந்த ஒரு வீட்டில் பார்க்கிற கலவையை ஒரு வீதி முழுக்கப் பார்க்க வேண்டும் என்றால், நேரு வீதிக்கு வடக்கே வைசியாள் வீதி. பலகையில் கல்வே சுப்புராய செட்டி வீதி என்றும் இருக்கும், இரண்டும் ஒன்றுதான். நேரம் குறைவு, ஒரே ஒரு வீதிதான் நடக்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

இங்கே ஒரு வீட்டின் முன் நின்று கீழிருந்து மேலாகப் பாருங்கள். தெருவை ஒட்டி மரத்தூண்கள் தாங்கிய ஓட்டுச் சரிவு இருக்கும், அதுதான் தாழ்வாரம். அது வீட்டுக்காரருக்கானது மட்டுமல்ல, தெருவில் போகிறவர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்குவதற்கும்தான். அதை அடுத்துத் திண்ணை. சில வீடுகளில் இரண்டு அடுக்குத் திண்ணை உண்டு. வெளியே இருப்பது வழிப்போக்கருக்கு, உள்ளே கொஞ்சம் உயரத்தில் இருப்பது வீட்டுக்கு வந்தவருக்கு. அப்புறம் கனமான தேக்குக் கதவு, மேல் சட்டத்தில் கஜலட்சுமியோ பூவேலையோ செதுக்கியிருப்பார்கள். கதவு திறந்திருந்தால் நடை வழியாகப் பார்வை நேராக முற்றத்து வெளிச்சத்தில் போய் விழும். இதுவரை இது தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ இருக்கக்கூடிய வீடு. இப்போது தாழ்வாரத்து ஓட்டுக்கு மேலே பாருங்கள். வளைவு வைத்த உயரமான சன்னல்கள், சாய்வுப் பட்டிகள் அடித்த மரக் கதவுகள், சுவரோடு ஒட்டிய இரட்டைத் தூண்கள், காரையில் செய்த பூச்சரம், மொட்டை மாடியைச் சுற்றிக் குட்டித் தூண் வரிசை. அது முழுக்கப் பிரெஞ்சுத் தெருவில் இருக்கக்கூடியது. செட்டியாரும் முதலியாரும் பிள்ளையும் தெரு மட்டத்தில் தங்கள் வழக்கத்தை விடாமல், மாடியில் காலத்தோடு போயிருக்கிறார்கள்.

வாய்க்காலுக்குக் கிழக்கே இருக்கும் வீடுகளோடு ஒப்பிட்டால் வித்தியாசம் இன்னும் நன்றாகத் தெரியும். அங்கே தெருவுக்கு உயரமான மதில், பெரிய கேட், உள்ளே தோட்டம், அதற்குள்ளே வீடு. தெருவில் நடக்கிறவருக்குச் சுவர்தான் மிச்சம். அதனால்தான் எல்லாரும் சுவரைப் படம் எடுக்கிறார்கள். தமிழர் பகுதியில் வீட்டோடு வீடு ஒட்டியிருக்கும், வீடே தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்.

வைசியாள் வீதி இப்படித் தப்பிப் பிழைத்ததற்குப் பின்னால் உழைப்பு இருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில், பாரம்பரியக் கட்டடங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பு, ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்ட உதவியோடு, இந்த வீதி வீடுகளின் முகப்பைப் பழைய முறையிலேயே சீர் செய்தது. பழைய முறை என்றால் சுண்ணாம்புக் காரை. பழைய செங்கல் சுவர் ஈரத்தை உள்ளே வாங்கி வெளியே விடும். மேலே சிமென்ட் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, உப்புப் பூத்து, காரை பாளம் பாளமாக விழும். பக்கத்து வீதிகளில் நடக்கும்போது கவனியுங்கள், சிமென்ட் பூசிய பழைய வீடுகளில் தரையிலிருந்து இடுப்பளவுக்குச் சுவர் உதிர்ந்திருக்கும். நல்ல எண்ணத்தோடு செலவு செய்தே வீட்டைக் கெடுத்துக்கொண்டவர்கள் நிறைய. தாழ்வாரத்தை வெட்டி எடுத்தவர்கள், திண்ணையை அடைத்துக் கடை வைத்தவர்கள், வீட்டையே இடித்து அடுக்குமாடி கட்டியவர்கள் இன்னும் அதிகம். பீச் ரோட்டில் அரசுக் கட்டடமான பழைய மேரியே, அதாவது நகராட்சி மன்றமே, 2014 மழையில் இடிந்து விழுந்தது. அதை அதே வடிவில் மறுபடி கட்டினார்கள். சாதாரணக் குடும்பத்தின் வீடு இடிந்தால் அப்படிக் கட்ட யாரும் வரமாட்டார்கள். ஆகவே தள்ளிப்போடாதீர்கள், இருப்பதைச் சீக்கிரம் பார்த்துவிடுங்கள்.

உள்ளே போய்ப் பார்க்க ஆசை இருக்கும். பழைய வீடுகள் சிலவற்றைத் தங்கும் விடுதிகளாக மாற்றியிருக்கிறார்கள். சாப்பிடவோ காபி குடிக்கவோ போனால் முற்றம், கூடம், மெட்ராஸ் டெரஸ் கூரை எல்லாம் நிதானமாகப் பார்க்கலாம். தேக்கு உத்தரங்களின் மேல் சின்னச் செங்கலைச் செங்குத்தாக நிறுத்திச் சாய்கோட்டில் அடுக்கிய கூரை அது. அண்ணாந்து பாருங்கள்.

வைசியாள் வீதிக்குப் பக்கத்து வீதிகளில் கூட்டம் இல்லாத இரண்டு வீடுகள் உண்டு. ஈஸ்வரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதியார் வாழ்ந்த வீடு, இப்போது அருங்காட்சியகம். பிரிட்டிஷ் அரசு கைது செய்துவிடும் என்ற நிலையில் 1908-இல் புதுச்சேரிக்கு வந்தவர், பத்தாண்டு இந்த ஊரிலேயே இருந்தார். அவருடைய மிகப் பெரிய படைப்புகள் பலவும் இந்த ஊரில் பிறந்தவை. இன்னொன்று பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வாழ்ந்த வீடு. குரு வெளியூரிலிருந்து தஞ்சம் வந்தவர், சீடர் இந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்த வாத்தியார். இரண்டு வீட்டுக்கும் நடந்தே போகலாம். தமிழ் படிக்கிறவர்கள் எத்தனை பேர் புதுச்சேரி வந்தும் இந்த வாசலை மிதிக்காமல் திரும்புகிறார்கள் என்று நினைத்தால் மனசு கேட்பதில்லை.

பாரதியார் வீடு இருக்கும் வீதியிலேயே வேதபுரீஸ்வரர் கோயிலும் இருக்கிறது. அதன் பழைய இடம் இது அல்ல. முன்பு மிஷன் வீதிப் பக்கம், ஏசு சபையினரின் தேவாலயத்தை ஒட்டி இருந்தது. 1748-இல் ஆங்கிலேயர் ஊரை முற்றுகையிட்டிருந்த நேரத்தில், துய்ப்ளெக்ஸ் காலத்தில், அந்தக் கோயிலை இடித்தார்கள். ஆனந்தரங்கப் பிள்ளை அதை மனம் நொந்து தன் நாட்குறிப்பில் பதிவு செய்திருக்கிறார். பிறகுதான் இந்த இடத்தில் கோயில் மறுபடி எழுந்தது. மிஷன் வீதியில் இன்று நிற்கும் மாதா கோயிலை ஊர்க்காரர்கள் சம்பா கோயில் என்பார்கள். 1791-இல் முடிந்த கட்டடம், உயரமான இரட்டைக் கோபுரம். இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள். இந்த ஊரில் எல்லாரும் எப்போதும் ஒற்றுமையாக இருந்தார்கள் என்று விளம்பரப் பலகைகள் சொல்கிற கதையைவிட உண்மைக் கதை கடினமானது. அது தெரிந்த பிறகும் அந்தத் தேவாலயத்தின் உள்ளே உட்கார்ந்தால் வருகிற அமைதி உண்மையானது.

இவ்வளவு பெரிய வீடுகளுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? துணியிலிருந்து. புதுச்சேரியில் நெய்து நீலம் தோய்த்த கினே துணி, 19-ஆம் நூற்றாண்டில் கப்பலேறி ஆப்பிரிக்காவின் செனகல் வரை போனது. அங்கே கோந்து வாங்கப் பணத்துக்குப் பதிலாக அந்தத் துணியையே கொடுத்தார்கள். பின்னால் பெரிய பஞ்சாலைகள் வந்தன. 1936 ஜூலை 30-ஆம் தேதி வேலைநிறுத்தம் செய்த ஆலைத் தொழிலாளர்கள் மேல் துப்பாக்கிச்சூடு நடந்து 12 பேர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு எட்டு மணி நேர வேலை சட்டமானது. அந்தப் போராட்டத்தை நடத்திய வ. சுப்பையாவின் பெயரைத்தான் பழைய ஊரின் தெற்கு எல்லையான சாலைக்கு வைத்திருக்கிறார்கள். அந்தச் சுப்பையா சாலையில்தான் 1879-இல் ரயில் வந்த நிலையமும், அதன் அருகே 1907-இல் முடிந்த திருஇருதய ஆண்டவர் பசிலிக்காவும். பசிலிக்காவுக்கு எப்படியும் எல்லாரும் போகிறார்கள், அதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

அதைவிட, சுப்பையா சாலைக்கு வடக்கே இருக்கும் முஸ்லிம்கள் வாழும் வீதிகளுக்குள் போங்கள். முல்லா வீதி, காஜியார் வீதி, குத்பா பள்ளிவாசல். சுற்றுலாக் கையேடுகள் ஒரு வரியில் தாண்டிவிடும் பகுதி இது. இங்கேயும் தாழ்வாரமும் திண்ணையும் உள்ள வீடுகள்தான், ஆனால் வளைவுகளும் மரவேலையும் வேறு ருசியில் இருக்கும். தொழுகை நேரத்தில் பள்ளிவாசல் பக்கம் கேமராவை நீட்டாதீர்கள்.

மார்க்கெட்டுக்கு வருவோம். நேரு வீதிக்கும் ரங்கப் பிள்ளை வீதிக்கும் நடுவில் இருப்பது பெரிய மார்க்கெட், அரசு வழக்கில் குபேர் அங்காடி. காலையில் போக வேண்டும், மத்தியானம் போனால் பாதி உயிர் போயிருக்கும். உள்ளே நுழைந்தவுடன் பூ, கொஞ்சம் தள்ளிக் காய்கறி, அதற்கப்பால் மீன். மீன் கடைகள் பெண்கள் கையில். வாங்காமல் வேடிக்கை பார்த்தாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், வழியை மறித்து நின்றால் மட்டும் குரல் வரும். இந்த மார்க்கெட்டை இடித்துப் புதிதாகக் கட்டும் பேச்சும், வியாபாரிகள் அதை எதிர்ப்பதும் பல ஆண்டுகளாக நடக்கிறது. பழைய மணிக்கூண்டோடு இருக்கும் இந்த மார்க்கெட்டை இப்போதே பார்த்துவிடுவது நல்லது. ஞாயிற்றுக்கிழமை என்றால் காந்தி வீதியில் சண்டே மார்க்கெட், துணியிலிருந்து செருப்பு வரை எல்லாம் ரோட்டிலேயே. அங்கேயும் கூட்டம்தான், ஆனால் அது ஊர்க்காரர்களின் கூட்டம்.

ஒயிட் டவுனையே ஒதுக்கச் சொல்லவில்லை. அங்கேயும் யாரும் எட்டிப் பார்க்காத கதவுகள் உண்டு. செயின்ட் லூயி வீதியில் 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனம் இருக்கிறது. அங்கே இருக்கும் சைவ ஓலைச்சுவடித் தொகுப்பை யுனெஸ்கோ 2005-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஆகமம் படிக்கிறவர்களும் ஆய்வாளர்களும் உலகின் எல்லா மூலையிலிருந்தும் தேடி வருகிற இடம், வெளியே செல்ஃபி எடுப்பவர்களுக்கு அது இன்னொரு பழைய கட்டடம். படிக்கிற பழக்கம் உள்ளவர் என்றால் அங்கும், 1827-இல் தொடங்கிய ரோமன் ரோலன் நூலகத்துக்கும் ஒரு முறை போங்கள். அருங்காட்சியகமும் பக்கத்திலேயே. ஊருக்குத் தெற்கே, பழங்காலத் துறைமுகம் இருந்த அரிக்கமேட்டில் கிடைத்த பாசிமணிகளையும் ரோமானிய மட்பாண்டத் துண்டுகளையும் அங்கேதான் பார்க்க வேண்டும். அரிக்கமேட்டுக்கே நேரில் போனால் ஆற்றங்கரை, மரங்கள், கொஞ்சம் பழைய சுவர்தான் இருக்கும். மணிகளைப் பார்த்துவிட்டுப் போனால் அந்த இடம் அர்த்தப்படும். திங்கள்கிழமையில் மட்டும் அருங்காட்சியகத் திட்டம் வைக்காதீர்கள், விடுமுறையாக இருக்கும்.

பிரெஞ்சுப் பாரம்பரியம் என்றால் சுவரும் பேக்கரியும் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். ஆட்சி 1954-இல் பிரான்சிடமிருந்து இந்தியாவுக்குக் கைமாறி, 1962-இல் சட்டப்படி முடிந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள விரும்பியவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுக்கலாம் என்று ஒப்பந்தத்தில் இருந்தது. அப்படி எழுதிக் கொடுத்த தமிழ்க் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை ஊரில் சொல்தா என்பார்கள். ஜூலை 14 அன்று பீச் ரோட்டுப் போர் நினைவுச்சின்னத்தில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வேட்டி கட்டிய ஊரின் பெரியவர்கள் பிரெஞ்சு தேசிய கீதத்துக்கு நிமிர்ந்து நிற்பதைப் பார்த்தால், இந்த ஊரைப் பற்றி எந்தச் சுவரும் சொல்லாத ஒன்று புரியும்.

கடலை விட மனசில்லை என்றால், பீச் ரோட்டின் வடக்கு முனையைத் தாண்டி வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் பக்கம் போங்கள். மீனவர் குடியிருப்பு, வலை உலர்த்துகிற இடம், வீட்டு வாசல்கள். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைக்குச் சுற்று வட்டாரக் கோயில்களின் சாமிகள் தீர்த்தவாரிக்கு வருவார்கள், மயிலம் முருகன் உட்பட. அன்று கூட்டம் தாங்காது, ஆனாலும் போகலாம். வருடத்தில் ஒரு நாள் கடற்கரை முழுக்க முழுக்க ஊர்க்காரர்களுடையதாக இருக்கும்.

நேரம் பற்றி. சனி, ஞாயிறை விட்டு வார நாளில் வர முடிந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. முடியாது என்றால் காலை ஆறரைக்கு நடக்கத் தொடங்குங்கள். பீச் ரோட்டில் மாலையிலிருந்து காலை ஏழரை வரை வண்டி விடமாட்டார்கள், அதனால் அந்த நேரத்தில் அங்கே ஆரம்பித்து மேற்கே நடப்பது சுகம். வாசல் தெளித்துக் கோலம் போடுகிற நேரத்தில் தமிழர் வீதிகளில் இருப்பீர்கள், கதவுகளும் திறந்திருக்கும். ஒன்பதரைக்கு மேல் கடைகள் திறந்து, இருசக்கர வண்டிகள் தாழ்வாரம் வரை நின்றுவிடும், வீடே தெரியாது. காரில் வருகிறவர்கள் காரைத் தங்குமிடத்திலேயே விட்டுவிடுங்கள். இந்த வீதிகளில் நிறுத்த இடம் தேடுவதற்குள் ஒரு மணி நேரம் போய்விடும். வீதிகள் எல்லாம் நேர்க்கோட்டில் ஒன்றையொன்று வெட்டுவதால் வழி தவற வாய்ப்பே இல்லை. தவறினால் கிழக்கே நடங்கள், கடல் வந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் சில வீதிகளில் தண்ணீர் நிற்கும், அந்த மாதங்களில் வானிலை பார்த்துக் கிளம்புங்கள்.

ஒயிட் டவுனில் குடியிருப்பவர்கள் வாசலில் படம் எடுக்க வேண்டாம் என்று பலகை எழுதி மாட்டும் அளவுக்குச் சலித்துப்போயிருக்கிறார்கள். அந்தச் சலிப்பு மேற்கேயும் வரக்கூடாது. திண்ணை வெளியே இருப்பதால் அது பொது இடம் ஆகிவிடாது. யாராவது உட்கார்ந்திருந்தால், "அக்கா, வீடு ரொம்ப நல்லா இருக்கு, ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள், சிலர் உள்ளே கூப்பிட்டு முற்றத்தையும் காட்டுவார்கள். வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிடுங்கள். ட்ரோன் எல்லாம் வேண்டவே வேண்டாம்.

கையில் அரை நாள்தான் இருக்கிறது என்றால் என் வரிசை இது. விடிந்ததும் பீச் ரோடு, பெரிய வாய்க்கால், சம்பா கோயில், வைசியாள் வீதி முழு நீளம், பாரதியார் வீடு இருக்கும் வீதிப் பக்கம் திரும்பி வேதபுரீஸ்வரர் கோயில், அங்கிருந்து தெற்கே இறங்கிப் பெரிய மார்க்கெட், அங்கேயே எங்காவது இட்லி சாப்பிட்டுவிட்டு, பத்து மணிக்குப் பாரதியார் இல்லம். முழு நாள் இருந்தால் மாலையில் முல்லா வீதி, குத்பா பள்ளிவாசல் பக்கம். குழந்தைகளோ வயதானவர்களோ கூட வந்தால் மார்க்கெட்டை விட்டுவிட்டு வைசியாள் வீதியை மட்டும் நிதானமாக நடந்தால் போதும், தாழ்வாரத்து நிழல் பாதி தூரத்துக்காவது கூட வரும்.